வலி வந்த நேரத்திலிருந்து கணக்கு எடுங்கள்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த மலையில் யார் யாருக்கு ஸ்டெண்ட், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்திருக்கிறது என்பது அநேகமாக எனக்குத் தெரிந்துவிடும். மாதம் பிறந்தால் மாத்திரைக்குக் கடைக்கு வந்துதானே ஆக வேண்டும். மருத்துவத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்கப்போவதை எந்தத் துறையும் தனியாகச் செய்துவிட முடியாது. எல்லாத் துறைக்காரர்களையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கக்கூடியவர் மாவட்டத்தில் நீங்கள்தான்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்தில் மாரடைப்பு வந்து ஸ்டெண்ட் வைத்துக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுங்கள். அதை எந்த ஆஸ்பத்திரியில் வைத்தார்கள் என்று மட்டும் பிரிக்காதீர்கள். எந்த ஊரில் வலி வந்தது, முதலில் எந்த வாசலில் போய் நின்றார்கள், அங்கிருந்து எத்தனை இடம் மாறினார்கள் என்று பிரியுங்கள். பிரித்ததை ஊருக்குத் தெரியும்படி வெளியிடுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்கு என் கடை மேசையில் வந்து விழும் காகிதங்களே போதும். மலைக்காரர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப் பதிவுக் காகிதம் மாதிரி பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பார்கள். கூடவே ஸ்டெண்டோடு வந்த ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன அட்டை. எந்தக் கம்பெனி, என்ன லாட் நம்பர், 2.75க்கு 24 மில்லிமீட்டர் என்று அளவு, எல்லாம் இருக்கும். எந்த ரத்தக்குழாயில் அடைப்பு, ஆரம்பத்திலா நடுவிலா, எத்தனை சதவீதம், அடைப்பை விரிக்கும் பலூனை எவ்வளவு அழுத்தத்தில் ஊதினார்கள் என்பது வரைக்கும் எழுதியிருப்பார்கள். ஆனால் வலி எத்தனை மணிக்கு வந்தது? முதல் ஈசிஜி எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? எடுத்த ஈசிஜியில் மாரடைப்பு என்று யார், எப்போது சொன்னார்கள்? இதற்கெல்லாம் ‘நெஞ்சுவலியுடன் அனுமதிக்கப்பட்டார்’ என்று ஒரே ஒரு வரிதான். மில்லிமீட்டர் தெரிகிறது, மணி தெரியவில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கோடை விழாச் சமயம். விடியற்காலையில் நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து, சுக்குக் கஷாயம் குடித்து, சோடா குடித்து, வெயில் ஏறிய பிறகு என் கடைக்கு வந்து கேஸ் மாத்திரை கேட்டார். மே மாதமே ஆனாலும் மலைக்காற்றில் அப்படி வேர்க்காது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். ‘இது வாயு இல்லண்ணா, உடனே டாக்டரைப் பாருங்க’ என்று சொல்லி, கூட வந்த பையனைத் துரத்தி வண்டி ஏற்றி அனுப்பினேன். கீழே இறங்குவதற்குள் எதிரே ஏறிவரும் சுற்றுலா வண்டிகளில் மாட்டிக்கொண்டார்கள். முதலில் போன இடத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இங்கே கேத் லேப், அதாவது ஸ்டெண்ட் வைக்கும் அறை, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் காப்பீட்டு அட்டை, ஆதார், முன்பணம் என்று பேச்சு ஓடியது. மூன்றாவது இடத்தில் ஸ்டெண்ட் வைத்தார்கள். அங்கே உள்ளே நுழைந்த பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது, அதைக் குறை சொல்வதற்கில்லை. அடைப்பு முழுதாகத் திறந்துவிட்டது. சம்மரியில் ‘நல்ல ரத்த ஓட்டம்’ என்று எழுதியிருக்கிறது.

ஆனால் எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 32 சதவீதம். நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்க வேண்டும். அவரால் இனி மேட்டில் ஏறி வேலை செய்ய முடியாது. இந்த மலையில் மேடில்லாத வேலை எங்கே இருக்கிறது? மூன்றாவது ஆஸ்பத்திரியின் கணக்கில் அவர் வெற்றி. முதல் இரண்டு இடங்களின் கணக்கில் அவர் பெயரே இருக்காது. காப்பீட்டுக் கணக்கில் ஒரு ஸ்டெண்ட். அவருடைய இதயத் தசை செத்தது எந்தக் கணக்கில் வருகிறது ஐயா?

இங்கே மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘எங்கே வைத்துக்கொண்டால் நல்லது’ என்ற கேள்விக்கு நம் ஊரில் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கொஞ்சம் வசதி இருந்தால் கோயம்புத்தூர், இல்லாவிட்டால் பெங்களூரு, சொந்தக்காரர் இருந்தால் சென்னை. பெரிய கட்டிடம், இதய அறுவை சிகிச்சையும் உள்ளேயே நடக்கிற இடம் என்றால்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். திறந்த இதய அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரி, அது இல்லாத ஆஸ்பத்திரி இரண்டிலும், அவசரம் இல்லாத ஸ்டெண்ட் சிகிச்சையைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தார்கள். 2012ல் வெளியான சி-போர்ட் இ ஆய்வில் 18,867 பேர். ஆறு வாரத்தில் இறந்தவர்கள் அறுவை வசதி இல்லாத இடத்தில் 0.9 சதவீதம், இருக்கிற இடத்தில் 1.0 சதவீதம். அடுத்த ஆண்டு வெளியான, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 3,691 பேரை வைத்து நடந்த ஆய்விலும் அதே கதைதான். 30 நாளில் மரணம், மறு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 9.5 சதவீதம், 9.4 சதவீதம் என்று ஒட்டிக்கொண்டே வந்தன. எல்லா இடமும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த ஆஸ்பத்திரிகளில் பயிற்சி, செய்யும் சிகிச்சைகளின் எண்ணிக்கை, அவசரத்துக்கு மாற்றும் ஏற்பாடு எல்லாம் கறாராக இருந்தன. இடது பிரதானக் குழாயில் அடைப்பு என்பது போன்ற சிக்கலான நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை நிபுணரும் கூட இருந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒழுங்காக நடத்தினால், கட்டிடத்தின் பெருமையால் வரும் வித்தியாசம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

அப்படியானால் இடத்தால் எதுவுமே மாறாதா? மாறும். அது ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தால் இல்லை, நோயாளி இருக்கும் இடத்தால். மாரடைப்பு வந்தவரைப் பக்கத்தில் இருக்கும் சேலத்து கேத் லேப்களைத் தாண்டி வேறு ஊருக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பாசத்தில்தான் செய்கிறார்கள். அவிநாசி தாண்டுவதற்குள் காப்பாற்றியிருக்க வேண்டிய தசையில் பாதி போய்விடும்.

2008ல் லான்செட் இதழில் வந்த கிரியேட் பதிவேடு, இந்தியா முழுக்க 20,937 நோயாளிகளைப் பதிவு செய்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப் பேருக்கு, 360 நிமிடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. ஆறு மணி நேரம். உள்ளே வந்த பிறகு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். அதாவது ஆஸ்பத்திரிக்குள் வீணாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் வெளியே ஏழு நிமிடம் வீணாகிறது. நாம் கண்காணிப்பதோ உள்ளே இருக்கிற 50 நிமிடத்தைத்தான். ஏழைகள் 30 நாளுக்குள் இறப்பது பணக்காரர்களைவிட அதிகம் என்பதையும் அதே பதிவேடு காட்டியது. அதற்குக் கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசமே முக்கியக் காரணம் என்றும் எழுதினார்கள்.

சரி, மலைக்கு வருவோம். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதில் 20 கொண்டை ஊசி வளைவு. தடையில்லாத நாளில் ஊரிலிருந்து அஸ்தம்பட்டி போய்ச் சேர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்காடு என்பது ஏரியைச் சுற்றி இருக்கும் கடைகளும் லாட்ஜுகளும் மட்டும் இல்லை. நாகலூர், செம்மநத்தம், வேலூர், வெள்ளக்கடை, வாழவந்தி, மாரமங்கலம் என்று மலைக்குப் பின்னால் விரிந்து கிடக்கிறது. அங்கிருந்து ஏற்காடு வருவதற்கே தனி நேரம் ஆகும். ஆம்புலன்ஸ் முதலில் அங்கே போக வேண்டும், பிறகு திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம், ஊரே கீழே இறங்கும் நேரம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அந்த நாட்களில் யாருக்காவது நெஞ்சு வலித்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

உலகமெங்கும் இதய மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. குழாய் முழுதாக அடைத்துக்கொண்ட மாரடைப்பு, டாக்டர்கள் ஸ்டெமி என்பது, ஈசிஜியில் தெரிந்த நிமிடத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூனால் திறக்க முடியும் என்றால் நேரே கேத் லேப் போ. முடியாது என்றால் இருந்த இடத்திலேயே ரத்தக்கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் கிளம்பு. டென்மார்க்கில் டனாமி-2 என்று ஒரு ஆய்வு நடந்தது. சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஊசி போடுவதைவிட, பலூன் சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதே நல்லது என்று 2003ல் காட்டியது. நம் ஊர் இதய மாநாடுகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு. ஆனால் அங்கே நூற்றுக்கு 96 பேரை இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிட்டார்கள். டென்மார்க்கில் மலையே கிடையாது. நம் மலை வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிற ஆளுக்கு, ராத்திரி நேரத்தில், கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து வந்து சேரும் நேரத்தையும் சேர்த்தால், 120 நிமிடம் போதுமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே மலை மேல் கேத் லேப் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டு மனு கொடுக்கலாம் என்று சொன்ன நண்பர்களிடமும் வேண்டாம் என்றேன். சில பத்தாயிரம் பேர் வாழும் ஒன்றியத்தில் கேத் லேப் வைத்தால் வாரத்துக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள். கை பழகாத இடத்தில் ஸ்டெண்ட் வைத்துக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், மெஷின் தூசி படியும்.

மலைக்கு வேண்டியது மூன்றே. எந்நேரமும் ஓடுகிற ஈசிஜி. எடுத்த ஈசிஜியைப் போனில் பார்த்து பத்து நிமிடத்துக்குள் ‘ஆமாம், போடு’ அல்லது ‘வேண்டாம், அனுப்பு’ என்று சொல்லக் கீழே ஒரு இதய மருத்துவர். சொன்னதும் போட ஊசி. டெனெக்டிப்ளேஸ் என்ற ஊசியை ஒரே தடவையில் போட்டுவிடலாம். பழைய ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாதிரி ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. விலை கூடுதல்தான். வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு அதுதான் தோது. 2013ல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு இப்படிப்பட்ட நோயாளிகளைத்தான் பார்த்தது. வலி வந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கேத் லேப் கிடைக்காதவர்கள். முதலில் ஊசி போட்டுப் பிறகு ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாயில் சாயம் செலுத்திப் படம் பிடிக்கும் சோதனை, செய்தவர்களில் 12.4 சதவீதம் பேருக்கும், நேரே ஸ்டெண்டுக்குப் போனவர்களில் 14.3 சதவீதம் பேருக்கும் 30 நாளில் மரணம், ரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. இரண்டு வழியும் கிட்டத்தட்ட சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசியில் ஆபத்து இல்லாமல் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு ஊசிக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது, வயதானவர்களுக்கு மருந்தின் அளவைப் பாதியாக்கிய பிறகு குறைந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஊசி சரியாக வேலை செய்யாமல் அவசரமாக ஆஞ்சியோவுக்கு ஓட வேண்டியிருந்தது. அதனால்தான் ஊசி போட்டாகிவிட்டது என்று மலையிலேயே படுக்கப் போட்டுவிடக் கூடாது. போட்ட கையோடு கீழே இறக்க வேண்டும், ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ செய்ய வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், நம் மாநிலத்திலேயே செய்து பார்த்ததை எடுத்துக் காட்டுங்கள். தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் என்று, மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலியோர் சேர்ந்து, கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்சையும் ஒரே வலையாகக் கோர்த்தார்கள். 2,420 நோயாளிகள். முடிவு 2017ல் வெளிவந்தது. ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நேர்ந்த மரணங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போன பிறகு யார் பிழைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல், டிஸ்சார்ஜ் ஆன அன்றே கணக்கை மூடியிருந்தால் இந்தத் திட்டத்தால் பயனில்லை என்றே எழுதியிருப்பார்கள். நான் கேட்கிற கணக்கிலும் ஓராண்டு என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். 2023ல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்பும் ஏற்பாடு. மருந்துக்கடைக்காரனாகச் சொல்கிறேன், அருமையான திட்டம். செலவோ சொற்பம். ஆனால் அந்த மாத்திரைகள் ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும், ஏற்கெனவே அடைத்துக்கொண்டதைத் திறக்காது. 14 மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது என்று பதிவேட்டில் டிக் அடித்துவிட்டால், அடுத்த மூன்று மணி நேரம் அந்த மனிதர் எங்கே இருந்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

தெரியாமல் போவதற்கு யாரும் கெட்டவர்கள் என்பது காரணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது. தாலுகா மருத்துவமனை மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியான மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். 2008 முதல் ஓடுகிற 108 ஆம்புலன்சுக்குத் தனி நிர்வாகம், அவர்களிடம் வண்டி கிளம்பிய நிமிடம், சேர்ந்த நிமிடம் எல்லாம் துல்லியமாக இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கோப்பு வேறோர் அலுவலகத்தில். தனியார் ஆஸ்பத்திரிகள் அவரவர் கம்ப்யூட்டரில். ஒரே நெஞ்சுவலி ஆறு அலுவலகத்தில் ஆறு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் துண்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். சேர்த்துத் தைக்க ஆள் இல்லை.

அந்தத் தையலுக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். நோயாளியோடு கூடவே இறங்கும் ஒரு பக்கத் தாள் போதும். வலி வந்த நேரம், ஊர், முதலில் போன இடம், முதல் ஈசிஜி நேரம், ஊசி போட்டார்களா, போட்டால் நேரம், வண்டி கிளம்பிய நேரம், இடையில் நின்ற இடங்கள், பலூன் திறந்த நேரம். பின்னால் 30 நாள், ஓராண்டு. பெயர் வெளியே வர வேண்டாம். கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போட்டால் ஓராண்டுக் கட்டம் நிரம்பிவிடும். நம் ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

வெளியிடுவதில் சில சங்கடங்கள் உண்டு, அவற்றையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். நியூயார்க் மாநிலத்தில் 1990களிலிருந்தே எந்த ஆஸ்பத்திரியில், எந்த மருத்துவர் கையில் ஸ்டெண்ட் சிகிச்சையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வெளியிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி வெளியிடும் மாநிலங்களில் மாரடைப்பு நோயாளிகளுக்கு, அதிலும் ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கு, ஸ்டெண்ட் வைப்பதே குறைவாக இருந்ததை 2012ல் ஒரு ஆய்வு காட்டியது. கணக்கு கெட்டுவிடுமே என்று, பிழைக்க வாய்ப்புக் குறைந்தவரைத் தொடத் தயங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே இருக்கிறது. அது இங்கே வேண்டாம். மலையிலிருந்து தாமதமாக வருகிறவர்தான் அந்தத் தயக்கத்துக்கு முதல் பலி ஆவார். அதனால் டாக்டர் பெயர் வேண்டாம். அதிர்ச்சி நிலையில் வந்தவர்களைத் தனியாக எழுதட்டும். அடைப்பு எந்தக் குழாயில் என்பதும் இருக்க வேண்டும். இதயத்தின் முன்சுவருக்குப் போகும் எல்.ஏ.டி. குழாய் ஆரம்பத்திலேயே அடைத்துக்கொண்டவரையும், வலது குழாயில் ஓரமாக அடைத்தவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

அப்புறம் எண்ணிக்கை. ஏற்காடு ஒன்றியத்தில் ஓராண்டில் மாரடைப்பு வருவோர் குறைவு. ஒருவர் கூடுதலாக இறந்தால் சதவீதம் எகிறும், ஒருவர் பிழைத்தால் சாதனை ஆகிவிடும். இதைப் பேப்பர்க்காரர்கள் கையில் கொடுத்தால் என்ன தலைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். சின்ன ஒன்றியங்களுக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்து மரணக் கணக்கைக் கொடுங்கள். நேரக் கணக்கை மட்டும் ஆண்டுதோறும் கொடுங்கள். வலி வந்ததிலிருந்து குழாய் திறக்கும்வரை, ஊசியாலோ பலூனாலோ, ஏற்காட்டுக்காரருக்கு எவ்வளவு, ஆத்தூர்க்காரருக்கு எவ்வளவு, கொளத்தூர்க்காரருக்கு எவ்வளவு, அஸ்தம்பட்டிக்காரருக்கு எவ்வளவு. இந்த நான்கு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மாவட்டத்தின் இதய வரைபடம் கிடைத்துவிடும்.

மாரடைப்பு ஸ்டெண்டையும், முன்கூட்டியே நாள் குறித்து வைக்கும் ஸ்டெண்டையும் தயவுசெய்து ஒரே தலைப்பில் போடாதீர்கள். நடந்தால் மட்டும் வலிக்கிற, கட்டுக்குள் இருக்கிற இதய நோய்க்கு, நல்ல மாத்திரையோடு ஒப்பிட்டால் ஸ்டெண்டோ பைபாஸோ உடனே செய்வதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்று 5,179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020ல் சொல்லிவிட்டது. வலி குறையும், அது உண்மை. அவர்கள் கோயம்புத்தூரோ பெங்களூரோ சாவகாசமாகப் போகட்டும். இரண்டையும் கலந்தால், நாள் பார்த்து வந்த ஆரோக்கியமானவர்களால் ஆஸ்பத்திரியின் சராசரி அழகாகிவிடும். நம் எஸ்டேட்காரர் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுவார். ‘இந்த ஆண்டு இத்தனை ஸ்டெண்ட் வைத்தோம்’ என்ற எண்ணிக்கையையும் சாதனையாகப் படிக்காதீர்கள். சரியான நேரத்தில் மலையிலேயே ஊசி போட்டுத் தசையைக் காப்பாற்றிய ஒருவர் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்.

இனி என் தொழில். இதைச் சொல்லாமல் மடலை மடிக்க முடியாது. மாரடைப்புக்கு ஸ்டெண்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரலோ டிகாக்ரெலாரோ, பொதுவாக ஓராண்டு, விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஸ்டெண்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. முதல் மாதங்களில் அது இரண்டாவது மாரடைப்புதான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டெண்டுக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஐந்து லட்சம் வரை காப்பீடும் இருக்கிறது. ஆக, ஸ்டெண்ட் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. ஓராண்டு மாத்திரைதான் கையைக் கடிக்கிறது.

கடையில் நடப்பது இப்படி. முதல் மாதம் முழு ஸ்ட்ரிப். இரண்டாவது மாதம் ‘பாதி கொடுங்க தம்பி, சம்பளம் வந்ததும் மீதி.’ மூன்றாவது மாதம் கொழுப்பு மாத்திரையை விட்டுவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் அவர் மனைவி வந்து ‘இப்போ நல்லாத்தான் இருக்காரு, வலியே இல்ல’ என்பார். டிகாக்ரெலார் காலையும் சாயங்காலமும் சாப்பிட வேண்டிய மாத்திரை, விலையும் கூடுதல். ஒரு வேளை போதும் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அரசு மருந்தகத்தில் மாத்திரை இலவசம். ஆனால் அதற்காகச் சேலம் இறங்கி ஏற ஒருநாள் கூலி போய்விடும். பஸ் காசு தனி. ஊரில் மாத்திரையை நிறுத்தினவரெல்லாம் அலட்சியக்காரர் என்று பேசுவார்கள். நான் பார்த்தவர்களில் அலட்சியக்காரர் குறைவு, கூலிக்கணக்குப் போட்டவர்களே அதிகம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. மலையில் அதே பெண்மணி, அதே பையோடு, அதே வீட்டு வாசலுக்குப் போகும்போது ஸ்டெண்ட்காரரின் இரண்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஓராண்டுக் கட்டமும் அவர் மூலமே நிரம்பும். எனக்கு வியாபாரம் குறையும். பரவாயில்லை.

இதையெல்லாம் சேர்த்தால் ஒரு கூட்டத்துக்கு நான்கு தீர்மானம் தேறும்: மலைப்பகுதி ஆஸ்பத்திரிகளில் எந்நேரமும் ஈசிஜியும் ஊசியும், அதைப் பார்த்துச் சொல்லக் கீழே பெயர் குறித்த ஒரு மருத்துவர்; நோயாளியோடு இறங்கும் ஒரு பக்கத் தாள்; ஒன்றியவாரியாக நேரக் கணக்கு வெளியீடு; வீட்டுக்கே ஸ்டெண்ட் மாத்திரை. கடைசி இரண்டுக்கும் புதிதாக ஒரு ரூபாய் செலவு வருமா என்பதே சந்தேகம். தனியார் ஆஸ்பத்திரிகளையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கணக்கு அவர்களிடமிருந்து வராவிட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும். காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிகள் தாளை நிரப்பினால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒரு வரி சேர்த்தால், மறுப்பு வராது என்று நினைக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இதை ஒரு பக்கமாகச் சுருக்கி, மாதிரித் தாளையும் இணைத்துக் கொண்டுவருகிறேன். ரசீது கொடுக்கும்போது, மனு எந்த அதிகாரியிடம் போகிறது என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மட்டும் அனுப்பிவிட்டால், இது எங்கள் துறையில் பாதிதான் என்று நியாயமாகவே பதில் வரும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர்